சூப்பர் ஹீரோ படம் வெப் சீரிஸ் ஆனால் ஓடுமா? ரசிகர்களின் எதிர்பார்ப்பும் சந்தேகமும்... டி-ஷர்ட் அடிக்கும் திருப்பூர் ஏன் கவனிக்கிறது? | விளக்கம்

டி-ஷர்ட்டின் நெஞ்சுப் பகுதியில் ஒரு வௌவால். இன்னொன்றில் ஒரு சிலந்தி. வேறொன்றில் நட்சத்திரம் போட்ட கேடயம். பேட்மேன், ஸ்பைடர்மேன், கேப்டன் அமெரிக்கா என்று பெயர் எழுத வேண்டிய அவசியமே இல்லை. படம் பார்க்காத தாத்தா பாட்டிக்கும் பேரன் கேட்பது எந்தச் சட்டை என்று தெரிந்துவிடும்.

இந்தச் சின்னங்களுக்கு இவ்வளவு மவுசு கொடுத்தது சினிமா. ஆனால் கடந்த சில ஆண்டுகளாக அதே ஹீரோக்கள் தியேட்டரைவிட அதிகமாக வெப் சீரிஸ்களில்தான் வருகிறார்கள். ‘வாண்டாவிஷன்’ தொடரின் அடுத்த கிளையான ‘விஷன்க்வெஸ்ட்’, டிசி உலகத்தின் ‘லாண்டர்ன்ஸ்’ ஆகிய இரண்டும் 2026-ல் வரும் என்று அறிவிக்கப்பட்டவை. இப்படி ஒவ்வொரு அறிவிப்பு வரும்போதும் ரசிகர்களிடம் இரண்டு பேச்சு ஒன்றாகக் கிளம்புகிறது. ஒன்று, ‘செம்ம, காத்திருக்கேன்’. இன்னொன்று, ‘படம் மாதிரி வருமா? சொதப்பிடுவாங்களோ?’

இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது? அதில் நியாயம் இருக்கிறதா? பின்னலாடை நகரமான திருப்பூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்பின் ஆஃப் என்றால் என்ன?

ஒரு படத்தில் வந்த கதாபாத்திரத்தையோ, அந்தப் படத்தின் உலகத்தையோ எடுத்துக்கொண்டு தனியாக இன்னொரு கதை சொல்வதுதான் ஸ்பின் ஆஃப். தமிழில் கிளைக்கதை என்று சொல்லலாம். இரண்டாம் பாகம் என்பது வேறு, கிளைக்கதை என்பது வேறு. இரண்டாம் பாகத்தில் அதே ஹீரோவின் கதை தொடரும். கிளைக்கதையில் பக்கத்தில் நின்ற ஆள் நடுவுக்கு வருவார்.

மகாபாரதத்தில் ஒரு ஓரத்தில் வரும் அல்லி அரசாணிக்கு நம் ஊர் தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் தனிக் கதையே இருக்கிறது. பெரிய கதையிலிருந்து கிளை பிரிப்பது நமக்குப் புதுசு இல்லை. புதுசு எதுவென்றால், பெரிய கதையும் கிளைக்கதையும் ஒரே கம்பெனிக்குச் சொந்தம், ஒன்றைப் பார்த்தால்தான் இன்னொன்று புரியும் என்ற வியாபாரக் கணக்கு.

எதிர்பார்ப்பு ஏன் இவ்வளவு?

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இதற்கு உச்சம் 2019 ஏப்ரல் 26. அன்றுதான் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ இந்தியாவில் வெளியானது. தமிழ் வசனத்தை ஏ.ஆர்.முருகதாஸ் எழுதினார். அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்தார்கள். மார்வெலுக்காக ஏ.ஆர்.ரஹ்மான் தமிழிலும் ஒரு பாடல் போட்டார். அதுவரை இந்தியாவில் வெளியான ஹாலிவுட் படங்களில் அதிக வசூல் என்ற இடத்தைப் பிடித்தது அந்தப் படம்.

அப்போதே ஒரு சின்ன சலசலப்பும் இருந்தது. முந்தைய படங்களின் தமிழ்க் குரலுக்குப் பழகியவர்கள், ‘அயர்ன்மேன் குரல் மாறிடுச்சே’ என்று குறைபட்டார்கள். இதைச் சும்மா ரசிகர் புலம்பல் என்று ஒதுக்க முடியாது. தொடர்ச்சி என்பது கதையில் மட்டும் இல்லை, குரலிலும் இருக்கிறது. டப்பிங்கில் பார்க்கும் தமிழ் ரசிகருக்கு, படத்தில் கேட்ட குரல் தொடரிலும் வருமா என்பது ஆங்கிலத்தில் பார்ப்பவருக்கு இல்லாத ஒரு கூடுதல் சந்தேகம்.

திருப்பூர் மாதிரியான ஊரில் பார்க்கும் நேரமும் ஒரு பிரச்சினை. பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு என்பது பழகிப்போன வழக்கம். சினிமா அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அடங்கிவிடும். இரண்டரை மணி நேரம், முடிந்தது. வெப் சீரிஸ் அப்படி இல்லை. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு அறைக்கு வருபவர், போனில் ஆறு முதல் ஒன்பது எபிசோடு பார்க்க வேண்டும். அதற்கு அந்தத் தொடர் தகுதியானதா என்ற கேள்வி இங்கே இன்னும் கறாராக வரும்.

முதல் பரீட்சை: ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்டு

மார்வெல் படங்களின் முதல் தொலைக்காட்சிக் கிளை ‘ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்டு’. அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 2013 செப்டம்பர் 24 அன்று தொடங்கியது. ‘தி அவெஞ்சர்ஸ்’ படம் 2012-ல் உலகம் முழுக்க ஓடி முடிந்த சூடு. அந்தப் படத்தை இயக்கிய ஜாஸ் வீடனே முதல் எபிசோடையும் இயக்கினார். அதைப் பார்த்தவர்கள் மட்டும் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர்.

அப்போது எழுந்த சந்தேகங்கள் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன.

முதலாவது, பெரிய ஹீரோ யாரும் இல்லாமல் சூப்பர் ஹீரோ சீரியலா? அயர்ன்மேனோ தோரோ வாராவாரம் டிவிக்கு வர மாட்டார்கள். அவர்கள் பெயரைச் சொல்லியே எத்தனை எபிசோடு ஓட்ட முடியும்?

இரண்டாவது, தொடரின் நாயகன் ஏஜென்ட் கோல்சன். கிளார்க் கிரெக் நடித்த அந்தக் கதாபாத்திரம் ‘அவெஞ்சர்ஸ்’ படத்திலேயே செத்துப்போனது. அந்தச் சாவுக்காகத்தான் ஹீரோக்கள் ஒன்றுசேர்ந்தார்கள். அவரை உயிரோடு கொண்டு வந்தால், படத்தில் நாம் கலங்கியதற்கு என்ன அர்த்தம்?

மூன்றாவது பணம். படத்துக்கு ஆகும் செலவில் சிறு துண்டுதான் டிவிக்குக் கிடைக்கும். கிராபிக்ஸ் இல்லாத சூப்பர் ஹீரோ எப்படி இருப்பார்?

பயந்தது பாதி நடந்தது. முதல் சீசன் முடிவதற்குள் பார்ப்பவர்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. அதற்கு முக்கியக் காரணம் சினிமாதான். ஷீல்டு அமைப்புக்குள் எதிரிக் கூட்டமான ஹைட்ரா ஒளிந்திருக்கிறது என்ற பெரிய திருப்பம் ‘கேப்டன் அமெரிக்கா: தி விண்டர் சோல்ஜர்’ படத்துக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தப் படம் அமெரிக்காவில் 2014 ஏப்ரல் 4 அன்றுதான் வந்தது. அதுவரை 16 எபிசோடுகளாக அந்த ரகசியத்தைத் தொடாமல் தொடர் சுற்றிச்சுற்றி வந்தது. படம் வெளியான நான்காவது நாள் ஒளிபரப்பான 17-வது எபிசோடில் கதை தீப்பிடித்தது. ஆனால் அதற்குள் பலர் எழுந்து போய்விட்டார்கள்.

இருந்தவர்கள் விடவில்லை. ஏழு சீசன், 136 எபிசோடு என்று 2020 ஆகஸ்ட் வரை அந்தத் தொடர் ஓடியது.

ஒரே கம்பெனி, இரண்டு ஆபீஸ்

ரசிகர்களுக்கு நிஜமான கோபம் வேறொன்றில் இருந்தது. படத்தில் நடப்பதெல்லாம் தொடரில் எதிரொலிக்கும். தொடரில் நடப்பது எதுவும் படத்தில் எதிரொலிக்காது. ‘அவெஞ்சர்ஸ்: ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ படத்தில் நிக் ஃபியூரி ஒரு பிரம்மாண்டமான பறக்கும் கப்பலோடு வருவார். அந்தக் கப்பல் எப்படி வந்தது என்று தொடர் விளக்கியது. படம் அந்தத் தொடரை ஒரு வார்த்தை கண்டுகொள்ளவில்லை. கோல்சன் உயிரோடு இருக்கிறார் என்ற விஷயமே அவெஞ்சர்ஸ் ஹீரோக்களுக்குக் கடைசிவரை படங்களில் சொல்லப்படவில்லை.

இதற்குக் காரணம் நிர்வாகம். படங்களைக் கெவின் ஃபைகியின் மார்வெல் ஸ்டூடியோஸ் எடுத்தது. தொடர்களை ஜெஃப் லோப் தலைமையிலான மார்வெல் டெலிவிஷன் என்ற தனிப் பிரிவு எடுத்தது. 2015-ல் மார்வெல் ஸ்டூடியோஸ் நேரடியாக டிஸ்னி ஸ்டூடியோவின் கீழ் போனபிறகு இரண்டுக்கும் இடைவெளி இன்னும் கூடியது.

அந்த டிவி பிரிவின் பெரிய சறுக்கல் 2017-ல் வந்த ‘இன்ஹியூமன்ஸ்’. முதல் இரண்டு எபிசோடுகளை ஐமேக்ஸ் தியேட்டர்களில் வெளியிட்டுப் பார்த்தார்கள். பெரிய திரையில் டிவி பட்ஜெட் இன்னும் பளிச்சென்று தெரிந்ததுதான் மிச்சம். எட்டே எபிசோடில் தொடர் முடிந்தது.

அதே பிரிவு நெட்ஃபிளிக்ஸுக்காக எடுத்த ‘டேர்டெவில்’ 2015-ல் வந்து பெரிய பெயர் வாங்கியது. அவெஞ்சர்ஸ் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்வை தெரியாத ஒரு வக்கீல், ஒரு தெரு, ஒரு தாதா. அவ்வளவுதான். படத்தை நம்பி நிற்காததே அதற்குப் பலமாக அமைந்தது. 2019 அக்டோபரில் டிவி பிரிவு ஃபைகியின் கைக்கு வந்தது. இனி இரண்டும் ஒன்றுதான், படத்துக்கும் தொடருக்கும் வித்தியாசம் இருக்காது என்ற நம்பிக்கை பிறந்தது.

2021-க்குப் பிறகு: ஹோம்வொர்க் ஆன கதை

2021 ஜனவரி 15 அன்று ‘வாண்டாவிஷன்’ வந்தது. படத்தில் நடித்த எலிசபெத் ஓல்சன், பால் பெட்டனி இருவருமே தொடரிலும் நடித்தார்கள். பழைய அமெரிக்க காமெடி சீரியல்களின் பாணியில் கறுப்பு வெள்ளையில் தொடங்கியது. அந்தச் சீரியல்களைப் பார்த்தே இராத நம் ஊர் ரசிகர்களுக்கு முதல் இரண்டு எபிசோடு குழப்பம்தான். ஆனாலும் கணவனை இழந்த ஒருத்தியின் துக்கம் புரிந்தபோது தொடர் பிடித்துப்போனது. அதே ஆண்டு ஜூனில் வந்த ‘லோகி’ தமிழ் டப்பிங்கிலும் கிடைத்தது.

முன்பு படம் தொடரைக் கண்டுகொள்ளவில்லை என்பது குறை. இப்போது குறை தலைகீழானது. தொடர் பார்க்காவிட்டால் படம் புரியாது என்ற நிலை வந்தது.

2022-ல் வந்த ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ இரண்டாம் பாகத்தில் வாண்டா ஏன் வில்லியாக நிற்கிறாள் என்பது தொடர் பார்த்தவருக்குத்தான் முழுதாகப் பிடிபடும். படத்தின் இயக்குநர் சாம் ரைமியே அந்தத் தொடரை முழுதாகப் பார்க்கவில்லை என்று பேட்டியில் சொன்னார்.

2023 நவம்பரில் வந்த ‘தி மார்வெல்ஸ்’ படத்தில் மூன்று நாயகிகள். ஒருவர் ‘கேப்டன் மார்வெல்’ படத்திலிருந்து வந்தவர். இன்னொருவருக்குச் சக்தி கிடைத்தது ‘வாண்டாவிஷன்’ தொடரில். மூன்றாமவர் ‘மிஸ் மார்வெல்’ தொடரின் நாயகி. அதாவது, ஒரு படத்துக்கு டிக்கெட் எடுக்க ஒரு படமும் இரண்டு தொடரும் முன்பாடம். உலகம் முழுக்க சுமார் 20 கோடி டாலர் வசூலோடு, மார்வெல் படங்களிலேயே மிகக் குறைந்த வசூல் என்ற இடத்துக்கு அது போனது.

அதே ஆண்டு வந்த ‘சீக்ரெட் இன்வேஷன்’ தொடருக்கு 20 கோடி டாலருக்கு மேல் செலவானதாகக் கணக்குகள் வெளியாயின. நிக் ஃபியூரியின் வாழ்க்கையையே புரட்டிப்போடும் கதை. சில மாதம் கழித்து ‘தி மார்வெல்ஸ்’ படத்தில் வந்த நிக் ஃபியூரி, அப்படி எதுவுமே நடக்காதது போல ஜோக் அடித்துக்கொண்டிருந்தார். அப்படின்னா தொடரைப் பார்த்தவன் முட்டாளா என்று ரசிகர்கள் கேட்டதில் தப்பில்லை.

‘லோகி’ தொடரில் அறிமுகமான காங் என்ற வில்லனைத்தான் அடுத்த அவெஞ்சர்ஸ் படத்துக்குத் தூக்கி நிறுத்தினார்கள். அதில் நடித்த ஜொனாதன் மேஜர்ஸ், வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பானதும் 2023 டிசம்பரில் நீக்கப்பட்டார். படத்தின் பெயரே ‘அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே’ என்று மாறி, வில்லனாக ராபர்ட் டவுனி ஜூனியர் அறிவிக்கப்பட்டார். தொடரில் விதைத்த விதை, படத்தில் முளைக்கவே இல்லை.

கம்பெனிக்கும் இது புரிந்தது. முந்தைய கதை எதுவும் தெரியாமலே பார்க்கலாம் என்பதற்காக ‘மார்வெல் ஸ்பாட்லைட்’ என்று தனிப் பெயர் போட்டு, 2024 ஜனவரியில் ‘எக்கோ’ தொடரை வெளியிட்டார்கள். ஆண்டுக்கு நான்கு தொடர் என்ற அளவை இரண்டாகக் குறைப்போம் என்று டிஸ்னியின் அப்போதைய தலைவர் பாப் ஐகர் 2024 மே மாதம் சொன்னார். சந்தேகப்பட்ட ரசிகர்கள் சொன்னதைத்தான் நிர்வாகமும் கடைசியில் ஒப்புக்கொண்டது.

எந்தத் தொடர்கள் ஜெயித்தன?

‘தி பேட்மேன்’ படத்தின் கிளையாக 2024 செப்டம்பரில் வந்த ‘தி பெங்குவின்’ அறிவிக்கப்பட்டபோது, பேட்மேன் இல்லாத பேட்மேன் கதையா என்ற கிண்டல் இருந்தது. எட்டு எபிசோடிலும் பேட்மேன் வரவே இல்லை. ஆனால் அடியாள் ஒருவன் தாதாவாக வளரும் கதை தனியாகவே நின்றது. நாயகன் காலின் ஃபாரெல் கோல்டன் குளோப் வாங்கினார். கிறிஸ்டின் மிலியோட்டி 2025-ல் எம்மி விருது வாங்கினார்.

‘தி சூசைட் ஸ்குவாட்’ படத்தின் கிளையான ‘பீஸ்மேக்கர்’ 2022 ஜனவரியில் வந்தது. படத்தை எழுதி இயக்கிய ஜேம்ஸ் கன்தான் தொடரையும் எழுதினார். ஒரே கை எழுதியதால் ஆள் மாறியது போலத் தெரியவில்லை.

‘டேர்டெவில்’ கதை இன்னும் சுவாரசியமானது. 2018-ல் நிறுத்தப்பட்ட தொடர். ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2021 டிசம்பரில் ஸ்பைடர்மேன் படத்தில் சார்லி காக்ஸ் ஒரே ஒரு காட்சியில் வந்ததும் தியேட்டர் அதிர்ந்தது. புதிய தொடரான ‘டேர்டெவில்: பார்ன் அகெய்ன்’ படப்பிடிப்பு பாதியில் இருந்தபோது, இது சரியாக வரவில்லை என்று 2023-ல் எழுத்தாளர்களை மாற்றி, பழைய தொடரின் தொடர்ச்சியாகத் திருத்தி, 2025 மார்ச் 4 அன்று வெளியிட்டார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான விஷயம் ஒன்று இருக்கிறது. படத்தைப் பார்க்காதவருக்கும் கதை புரிந்தது. படத்தைப் பார்த்தவருக்கு ஏமாற்றம் இல்லை. தொடர் தன் சொந்தக் காலில் நின்றதா, படம் அதை மதித்ததா? ஒரு கிளைக்கதையின் தலையெழுத்து இந்த இரண்டு கேள்வியில்தான் இருக்கிறது.

இந்தியாவில் நிலைமை என்ன?

இங்கே கிளைக்கதை என்றால் பெரும்பாலும் கார்ட்டூன்தான். ‘க்ரிஷ்’ படத்திலிருந்து ‘கிட் க்ரிஷ்’ 2013-ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்தது. ‘கல்கி 2898 ஏடி’ படத்துக்கு முன்னோட்டமாக ‘புஜ்ஜி அண்ட் பைரவா’ 2024 மே 31 அன்று பிரைம் வீடியோவில் வந்தது. ‘பாகுபலி’ சூப்பர் ஹீரோ படம் இல்லை என்றாலும், அந்த உலகத்திலிருந்து ‘கிரவுன் ஆஃப் பிளட்’ அனிமேஷன் தொடர் அதே மாதம் ஹாட்ஸ்டாரில் வந்தது. கார்ட்டூனுக்குப் பெரிய ஹீரோவின் கால்ஷீட் தேவையில்லை என்பது ஒரு வசதி.

நிஜ நடிகர்களை வைத்து எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கும் பாகுபலியே உதாரணம். சிவகாமியின் இளமைக் கதையைத் தொடராக எடுக்கப்போவதாக நெட்ஃபிளிக்ஸ் 2018-ல் அறிவித்தது. படப்பிடிப்பும் நடந்தது. ஆனால் தொடர் வெளிவராமலே கைவிடப்பட்டது.

தமிழில் ‘முகமூடி’ (2012), ‘ஹீரோ’ (2019), ‘வீரன்’ (2023), ‘மாவீரன்’ (2023) என்று சூப்பர் ஹீரோ படங்கள் வந்திருக்கின்றன. எல்லாம் ஒற்றைப் படங்கள். கிளை விட வேண்டும் என்றால் முதலில் மரம் வளர வேண்டும்.

சரி, இதுல திருப்பூருக்கு என்ன வேலை?

ஆண்டுக்கு சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் திருப்பூர். டி-ஷர்ட், குழந்தைகள் உடை இரண்டும் இந்த ஊரின் முக்கியச் சரக்கு. இரண்டிலும் படம் போட்ட பீஸ் முக்கியம்.

ஒரு தொடர் திடீரென்று ஹிட்டானால், அதை வைத்து முதலில் கடைக்கு வரும் பொருள் எது தெரியுமா? இதற்கு நல்ல உதாரணம் ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் கிளையான ‘தி மாண்டலோரியன்’. 2019 நவம்பர் 12 அன்று அந்தத் தொடர் தொடங்கியது. முதல் எபிசோடின் கடைசியில் வந்த பச்சைக் குழந்தையை உலகமே ‘பேபி யோடா’ என்று கொண்டாடியது. ஆனால் கடையில் ஒரு பொம்மைகூட இல்லை. ரகசியம் வெளியே கசியக்கூடாது என்று தொடரை உருவாக்கிய ஜான் ஃபேவ்ரோ கேட்டுக்கொண்டதால், பொருட்கள் எதையும் டிஸ்னி முன்கூட்டியே தயாரிக்கவில்லை. அந்த கிறிஸ்துமஸுக்குப் பொம்மை வரவில்லை. சில வாரங்களிலேயே வந்தது டி-ஷர்ட். பொம்மைக்கு அச்சு வேண்டும், மாதக்கணக்கில் நேரம் வேண்டும். துணிக்கு ஒரு டிசைன் ஃபைல் போதும்.

பிரிண்டிங் யூனிட்டில் கணக்கு இப்படி ஓடும். ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் ஒரு கலருக்கு ஒரு ஸ்க்ரீன். ஆறு கலர் முகம் என்றால் ஆறு ஸ்க்ரீன். கட்டிங் முடிந்த முன்பக்கத் துண்டில்தான் பெரும்பாலும் பிரிண்ட் ஏறும். அதன்பிறகுதான் ஓவர்லாக், பேட்லாக் என்று தையலுக்குப் போகும். இத்தனை ஸ்க்ரீன் போட்ட செலவு கட்டுப்படியாக வேண்டும் என்றால் எண்ணிக்கை வேண்டும். இப்போது டிடிஎஃப் முறையில் ஃபிலிமில் பிரிண்ட் எடுத்து துணியில் ஒட்டி, ஒரே ஒரு பீஸ்கூட போடலாம். ஆனால் பெரிய ஆர்டருக்கு ஸ்க்ரீன்தான் கட்டுப்படியாகும்.

இங்கேதான் ரசிகரின் சந்தேகமும் பிரிண்டிங் டேபிளின் சந்தேகமும் ஒன்றாகிறது. படத்துக்கு ஒரே ஒரு ரிலீஸ் தேதி. அந்தத் தேதியை வைத்து சரக்கை இறக்கலாம். தொடர் வாரக்கணக்கில் ஓடும். எந்த எபிசோடில் பற்றிக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. புது கேரக்டரின் டிசைன் ரகசியம் என்று கடைசிவரை கைக்கு வராது. வெறும் டி-ஷர்ட்டை யாருக்கும் விற்கலாம். பிரிண்ட் ஏறிய பீஸை அந்தக் கேரக்டரைப் பிடித்தவருக்கு மட்டும்தான் விற்க முடியும். தொடர் சொதப்பினால் அந்தச் சரக்கு ஸ்டாக் லாட் விலைக்குத்தான் போகும். ஸ்பைடர்மேன் சிலந்திக்கு இந்தப் பயம் இல்லை. ஒரு படம் ஓடாவிட்டாலும் குழந்தைகள் கேட்பார்கள். கிளைத்தொடரின் புதுமுகத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

லைசென்ஸ் இல்லாமல் அடித்தால்?

இந்தப் படங்களை யார் வேண்டுமானாலும் அடித்துவிட முடியாது. உரிமம் வாங்கிய பிராண்ட்தான் ஆர்டர் தர முடியும். டிசைனுக்கு முதலில் கம்பெனியின் ஒப்புதல் வேண்டும், பிறகு சாம்பிளுக்கு ஒப்புதல், அதன்பிறகே மொத்த உற்பத்தி. டிஸ்னியின் கதாபாத்திரம் என்றால் (மார்வெலும் அதில் அடக்கம்) அதைத் தயாரிக்கும் தொழிற்சாலையே அனுமதி பெற்றிருக்க வேண்டும். இந்த அனுமதியை ‘ஃபாமா’ என்பார்கள். தொழிலாளர் நிலைமை குறித்த ஆய்வும் இதில் உண்டு. தையல் ஓரிடம், பிரிண்டிங் வேறிடம் என்றால், சின்னம் துணியில் ஏறும் அந்த பிரிண்டிங் யூனிட்டையும் கணக்கில் காட்ட வேண்டும். ஜாப் ஒர்க் என்று சொல்லி வெளியே கொடுத்துவிட முடியாது.

உரிமம் இல்லாமல் அடித்துப் பிடிபட்டால் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 63-வது பிரிவு பாயும். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இந்தக் குற்றத்தில் போலீஸ் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீனும் தானாகக் கிடைக்காது என்று 2022 மே மாதம் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கதாபாத்திரத்தின் பெயரும் சின்னமும் பதிவு செய்யப்பட்ட வணிக முத்திரை என்றால் 1999-ம் ஆண்டின் வணிக முத்திரைச் சட்டமும் சேரும்.

‘காலேஜ் பசங்க 50 பீஸ் கேட்டாங்க, அடிச்சுக் கொடுத்தேன்’ என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் 50 பீஸா, 5 ஆயிரம் பீஸா என்று பார்த்து அந்தச் சட்டப்பிரிவு விலக்கு தரவில்லை. விற்பனைக்காக அடித்தால் மாட்டிக்கொள்ளும் முதல் ஆள், டேபிளில் நிற்கும் பிரிண்டர்தான்.

புதுத் தொடர் அறிவிப்பு வந்தால் எதைக் கவனிக்கலாம்?

* எழுதுவது யார்? படத்தை எழுதியவரே தொடரிலும் இருக்கிறாரா? ‘பீஸ்மேக்கர்’ தேறியதற்கு இது முக்கியக் காரணம்.

* தனியாகப் பார்த்தால் புரியுமா? முதல் எபிசோடுக்கு முன் மூன்று படம் பார்க்க வேண்டும் என்றால், ஞாயிறு மட்டும் லீவு கிடைப்பவர் ஒதுங்கிக்கொள்வார்.

* அடுத்த படம் இதை நினைவில் வைத்திருக்குமா? ‘சீக்ரெட் இன்வேஷன்’ பார்த்தவர்களுக்குக் கிடைத்த ஏமாற்றம் இதுதான்.

* எத்தனை எபிசோடு? கதைக்குத் தேவையான நீளமா, படத்தின் ரிலீஸ் வரை இழுப்பதா? ஷீல்டின் முதல் 16 எபிசோடுகளை நினைத்துக்கொள்ளலாம்.

* தமிழ் டப்பிங் உண்டா, குரல் அதேதானா? அறிவிப்பிலேயே மொழிகளைப் பார்த்துவிடலாம்.

‘விஷன்க்வெஸ்ட்’ தொடரில் பழைய விஷனாக பால் பெட்டனியும், அவரைப் படத்தில் படைத்த அல்ட்ரானாக ஜேம்ஸ் ஸ்பேடரும் திரும்ப வருவதாக அறிவிக்கப்பட்டது. ஆட்கள் அதே ஆட்கள் என்பதால் எதிர்பார்ப்பு நியாயம்தான். 2015-ல் வந்த படத்தையும் 2021-ல் வந்த தொடரையும் நினைவில் வைத்திருப்பவருக்குத்தான் புரியும் என்றால் சந்தேகமும் நியாயம்தான்.

ரசிகருக்கு நஷ்டம் என்றால் சில மணி நேரமும் ஒரு மாத சந்தாவும். பிரிண்டிங் யூனிட் வைத்திருப்பவருக்கு அது ஸ்க்ரீன், மை, துணி, ஆள் கூலி. அதனால் உரிமம் பெற்ற ஆர்டரே கைக்கு வந்தாலும், புதுமுக கேரக்டர் என்றால் முதலில் டிடிஎஃப்பில் குறைந்த பீஸ் போட்டுப் பார்த்து, மூன்று நான்கு எபிசோடு வந்தபிறகு மறு ஆர்டர் வந்தால் ஸ்க்ரீனுக்குப் போவது நஷ்டத்தைக் குறைக்கும் வழி. ‘பேபி யோடா’ விஷயத்தில் தொடர் ஹிட்டான பிறகு அடித்த டி-ஷர்ட்டுக்கும் சந்தை இருந்தது.